எல்லாக் கதவும் 3/47

ஆவாரங்காட்டு மூன்றாவது வீதியில் எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். ஆனி மாதத்தில் அப்படித் தண்ணீர் வந்த ஒரு காலையில், நாங்கள் சிம் கார்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பனியன் கம்பெனிக்கும் எந்த ஊரிலோ ஒரு ராத்திரி தங்கிய லாட்ஜுக்கும் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்த ஆதார் நகல்கள் எல்லாம், கொடுத்தவர்களின் வீடு தேடி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வந்தன.

ஆள் உயரம் இருந்தன, தடிமன் மட்டும் காகிதத் தடிமன். காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காற்று நின்றதும் நிமிர்ந்தன. மடித்து வைக்கப்பட்டிருந்தவை இடுப்பில் ஒரு மடிப்புக் கோட்டோடு வந்தன, பின் அடிக்கப்பட்டவை இடது தோளில் துருவோடு வந்தன, ஏதோ ஓர் ஆபீஸ் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தவை வயிற்றில் ஒரு வட்டக் கறையோடு வந்தன. முகம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஆதார் முகாமில் எடுத்த முகம். அந்த முகத்தைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பதால், வந்தது யார் என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை.

குழாயடியில் முதல் ஆளாக நின்றிருந்த அருக்காணி அக்கா, முப்பது வருடமாக அந்த வரிசையை ஒழுங்கு பார்ப்பவர், குடத்திலிருந்து கையை எடுக்காமலேயே திரும்பிப் பார்த்தார்.

"ஆரா இருந்தாலும் வரிசைல வாங்க. பொறகால போயி நில்லுங்க."

அவை பின்னால் போய் நின்றன. அவ்வளவுதான் நடந்தது. அன்று ஏழரை மணிக்குத் தண்ணீர் நின்றபோது, நகல்களுக்கு முறை வருவதற்குள் நின்றுவிட்டதே என்று இரண்டு பேர் வருத்தப்பட்டதை நானே கேட்டேன்.

என் பெயர் வினோதினி. சென்னியப்பன் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுப்பதும் ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்புவதும் என் வேலை. அப்பா பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், வீதியிலும் அப்படித்தான். அதனால் காகிதம் என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். வந்த நகல்களில் பாதிக்கு மேல் நான் எடுத்தவை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஓரங்களைப் பார்த்தேன். எங்கள் கடை மெஷினில் கண்ணாடி கீறியிருப்பதால் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். நிறையப் பேருக்கு அந்தக் கோடு இருந்தது.

ஒரு வாரத்துக்குள் வீதி பழகிவிட்டது. மழை தூறினால் துணிக் கொடியில் க்ளிப் போட்டு நகல்களை உலர்த்தினார்கள். ஃபேனுக்கு நேராக உட்கார வைக்கக் கூடாது என்பதையும், அடுப்படிக்குள் விடவே கூடாது என்பதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அருக்காணி அக்கா வீட்டுக்கு ஒன்பது வந்தன, ஆட்டோ ஓட்டும் எதிர்வீட்டுக்காரருக்கு முப்பத்தொன்று. கட்டிலுக்கு அடியில் அடுக்கியும் போதாமல் அவர் ஆட்டோவின் பின்சீட்டில் ஆறு பேரை உட்கார்த்திச் சவாரி போனார். இரண்டே நகல் வந்த வீட்டில், நம்மை யாரும் எதற்கும் மதித்துக் கேட்டதில்லை போல என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள்.

நகல்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தொந்தரவு செய்யவில்லை. யார் கேட்டாலும் பதில் சொல்லும், அது ஒன்றுதான். பெயர் என்ன என்று கேட்டால் பெயரோடு நிறுத்தாமல், அப்பா பெயர், பிறந்த தேதி, கதவு எண், பன்னிரண்டு இலக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொல்லும். கேட்பவர் யார் என்று பார்க்காது. எதற்கு என்றும் கேட்காது.

முதலில் அது சிரிப்பாக இருந்தது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் ஜூன் ஒன்று என்று போட்டிருந்ததால், வீதியில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று தெரியவந்தது. நாற்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த அருக்காணி அக்காவுக்கு ஐம்பத்தாறு என்பதும் தெரியவந்தது.

"என்ற வயசுக்கு என்ன இப்ப? தண்ணி வயசு பாத்தா வருது?" என்றார்.

பிறகு வீதி முனையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. வாசலில் சாய்ந்து நின்ற நகல்களிடம் மரியாதையாகக் கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாளிலிருந்து எல்லோருடைய கைப்பேசியும் அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் ஆட்டோக்காரர் பெயரில் அவருக்கே தெரியாமல் நான்கு சிம் கார்டுகள் ஓடுவது தெரிந்தது. சிம் கடையில் கேட்டதற்கு, நீங்கள்தான் நேரில் வந்து வாங்கினீர்கள் என்றார்கள். அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் முத்துச்செல்வி அக்காவின் நகல்களை வீதி கவனித்தது.

முத்துச்செல்வி அக்கா தெற்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தவர். குழாய்க்கு நேர் எதிரே உள்ள லைன் வீட்டில், கதவு எண் 3/47இல், மகள் ஹர்ஷினியோடு இருக்கிறார். பனியன் கம்பெனியில் தையல். இடது கை மணிக்கட்டை முழுக்க மடக்க முடியாது. அது ஏன் என்று ஒருமுறைதான் சொன்னார், நானும் மறுபடி கேட்கவில்லை. ஹர்ஷினியைப் பள்ளியில் சேர்க்க இந்த ஊர் முகவரி வேண்டும் என்று ஆதாரில் முகவரி மாற்ற என்னிடம்தான் வந்தார்.

"இந்த அட்ரஸ் யாருக்கும் தெரியக் கூடாது தங்கச்சி. அவுக தேடிட்டு இருக்காக" என்றார் அன்று. அவுக என்றால் அவர் புருஷன் பால்பாண்டி.

"கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குங்கக்கா" என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் வீட்டுக்கு மூன்றே நகல்கள் வந்திருந்தன. மூன்றும் வாயைத் திறக்கவில்லை. பைக் ஆட்கள் கேட்டுப் பார்த்தார்கள், அருக்காணி அக்காவும் கேட்டுப் பார்த்தார். "ஊமையாட்டம் இருக்குது. இல்லீன்னா திமிரு" என்று முடிவு செய்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மூன்றின் மீதும் பேனாவால் குறுக்காக இரண்டு கோடுகள், முகத்துக்குக் கீழே தொடங்கி வாய்மேல் ஏறிப்போயிருந்தன. கோடுகளுக்கு நடுவே அக்காவின் கையெழுத்து. ஒன்றில் 'பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்', ஒன்றில் 'வீட்டு வாடகைக்கு மட்டும்', ஒன்றில் 'கம்பெனி வேலைக்கு மட்டும்', கீழே தேதி.

"எப்பவுமே இப்பிடித்தான் எழுதிக் குடுப்பீங்களாக்கா?"

"என் கார்டை வச்சு அவுக ஒருதடவ என்னென்னமோ பண்ணிட்டாக. அதுலருந்து எழுதிருவேன்" என்றார்.

பட்டம் வாங்கி, நாள் பூராவும் நகல் எடுத்து, நான் எழுதாத ஒரு வரியை எட்டாவது படித்த அக்கா எழுதியிருந்தார்.

அன்று மாலையே வீதி முழுக்க நகல்களைக் கட்டிலில் படுக்க வைத்து, ஸ்கேல் வைத்து, குறுக்கே எழுதத் தொடங்கியது. என்ன எழுதுவது என்பதில்தான் குழப்பம், அந்தந்த நகல் எதற்குக் கொடுத்தது என்பதே பலருக்கு நினைவில்லை. ஒருவர் 'எனக்கு மட்டும்' என்று எழுதிவிட்டு, அது ராத்திரியெல்லாம் தன் காதருகிலேயே வந்து தன் பிறந்த தேதியைச் சொல்லிக்கொண்டிருப்பதாகப் புலம்பினார். அருக்காணி அக்கா மட்டும் யோசிக்கவே இல்லை. ஒன்பதிலும் 'தண்ணி பிடிக்க மட்டும்' என்று எழுதினார். அடுத்த வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே அவை ஒன்பதும் ஆளுக்கொரு குடத்தோடு குழாயடியில் நின்றன. அதைப் பார்த்த வீடுகள் எல்லாம் அதையே எழுதின. கிழித்துப் போட்டுவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"என்ற மூஞ்சிய நானே கிழிக்கறதா?" என்றார் அருக்காணி அக்கா. "நீ போ கண்ணு, அதும்பாட்டுக்கு நிக்குது."

இப்படியாகக் குழாய் வரிசை, தண்ணீர் வராத நாளிலும், 3/47இன் வாசலை மறித்துக்கொண்டு நிரந்தரமாக நின்றது.

காகிதம் இப்படி அடங்கியது. கைப்பேசியில் படமாக இருந்த ஆதார்கள் பத்து நாள் கழித்து வந்தன.

அவை உள்ளங்கை உயரம்தான் இருந்தன. கலராக இருந்தன, பகலிலும் மினுங்கின. கதவுக்கு அடியிலுள்ள சந்தில் நுழைந்து வந்தன. பேனா அவற்றின் மேல் வழுக்கியது, மை நிற்கவில்லை. ஒன்றிடம் ஒரு தடவை கேட்டால் பதில் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று முளைக்கும். காகித நகல்கள் வீடு திரும்பின. இவை அப்படியில்லை, யார் எங்கே அனுப்பினார்களோ அங்கேயே போயின. எங்கள் வீதிக்கு யார் யாருடையவோ வந்தன. எங்களுடையவை எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் எங்கிருந்து கிளம்பின என்பது தெரியும். போன தை மாதம் காப்பீட்டு முகாம் வந்தபோது, விண்ணப்பங்களை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம் என்று, எல்லோரும் அவரவர் ஆதாரைப் படம் எடுத்து 'ஆவாரங்காடு உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னவள் நான். நூற்று நாற்பத்திரண்டு பேர் உள்ள குழு. எல்லோரும் போட்டார்கள். முத்துச்செல்வி அக்கா மட்டும் அந்தக் குழுவில் இல்லை. கடைக்கு நேரில் வந்து கார்டைக் காட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காட்டியதை நான் படம் எடுத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேட வசதி என்று அதை நானே குழுவில் போட்டேன். முகாம் முடிந்து அதை மறந்தும் போனேன்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள், முற்பகலில் கடைக்கு ஒரு போன் வந்தது.

"சென்னியப்பன் ஜெராக்ஸ்ங்களா? போர்டுல உள்ள நம்பர் நெட்ல கெடந்துச்சு. ஆவாரங்காட்டுக்கு எங்கிட்டு எறங்கணும்?"

நான் வழக்கம் போலப் பேருந்து எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் குரலுக்குப் பின்னால் கொசு பாடுவது போல ஒரு சின்னக் குரல் கேட்டது. முத்துச்செல்வி, பிறந்த தேதி இன்னது, கதவு எண் மூணு பை நாப்பத்தேழு, ஆவாரங்காடு மூணாவது வீதி.

"நீங்க ஆருங்க?"

"சொந்தக்காரங்கதான். வெள்ளிக்கிழம காலைல வர்றேன். வீட்டுக்காரியக் கூப்பிட்டுப் போவணும்."

அன்று புதன்கிழமை. போனை வைத்தேன். நான் சொல்லவில்லையென்றால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. தை மாதத்துப் படத்தைக் குழுவில் போட்டது யார் என்று இனி யாரும் தேடிப் பார்க்கப்போவதில்லை, நூற்று நாற்பத்திரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் வெளியே அனுப்பியிருக்கலாம். நான் படித்தவள் என்பதால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். அரைமணி நேரம் அந்த நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுதும்போது இதை மறைக்க விருப்பமில்லை. பிறகு கடையைச் சென்னியப்பன் அண்ணனிடம் விட்டுவிட்டு கம்பெனி வாசலுக்குப் போய், டீ இடைவேளைக்கு வெளியே வந்த முத்துச்செல்வி அக்காவிடம் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நீ போட்டதா தங்கச்சி?"

"ஆமாங்கக்கா."

"வேற யாரு மேலயாச்சும் பழியப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மூணு ஊரு மாறிட்டேன்" என்றார். "ஹர்ஷினி இங்கதான் ரெண்டாவது படிக்கா. இனி ஓட முடியாது. ரெண்டு மட்டம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கேன் அங்க. ரெண்டு மட்டமும் சமாதானம் பேசி அவுக கூடவே அனுப்பி விட்டாக."

மாலையில் அருக்காணி அக்கா குடத்தைத் தட்டி வீதியைக் கூட்டினார். நகல்களுக்கு முன்னால் நின்று நான் நடந்ததைச் சொன்னேன். அப்பாவும் கூட்டத்தில் நின்றார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"படிச்ச புள்ளைன்னுதான உன்றகிட்டக் குடுத்தோம்?" என்றார் ஆட்டோக்காரர்.

"படிச்சதுல இது இல்லீங்கண்ணா. நானாத் தெரிஞ்சுக்கிட்டிருக்கோணும்."

"அட, அவளையே எதுக்குச் சொல்றீங்க" என்று சென்னியப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கோணலா விழுந்த நகலையெல்லாம் பஜ்ஜிக் கடைக்குக் கட்டுக் கட்டாப் போட்டது நான்தானுங்க."

"அப்ப என்ற வயச மொளகா பஜ்ஜில மடிச்சு ஊரே தின்னிருக்குது" என்றார் அருக்காணி அக்கா.

முதலில் அழிக்க முடியுமா என்று பார்த்தோம். நானும் அப்பாவும் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கைப்பேசியிலும் குழுவில் இருந்ததை, படத் தொகுப்பில் இருந்ததை, அழித்தவை போய்ச் சேரும் குப்பைக்கூடையில் இருந்ததைக்கூட அழித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன மினுக்கம் அணைந்தது. யார் வெளியே அனுப்பியது என்று கண்டுபிடிக்கவும் முயன்றோம். இரண்டு மணி நேரத்தில் நான்கு வீட்டில் சண்டை வந்ததால் அதை விட்டுவிட்டோம். வியாழக்கிழமை மதியம் எல்லாம் அணைந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று பால்பாண்டியின் கையில் இருந்தது. வெளியே போனதைத் திரும்பக் கூப்பிட ஒரு பட்டனும் கிடையாது என்று நான் வீதியிடம் சொன்னேன்.

அருக்காணி அக்காதான் முதலில் பேசினார்.

"அவன் தேடறது மூணு பை நாப்பத்தேழுதான? அதைய அவனுக்குப் போதும் போதுங்கற மட்டும் குடுப்போம்."

கம்பெனியிலிருந்து யாரோ மிச்சச் சாயத்தை ஒரு பக்கெட்டில் கொண்டுவந்தார்கள், கருநீலம். வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள், வீதியில் இருந்த தொண்ணூற்றாறு கதவுகளிலும் பழைய எண்ணை அழித்து 3/47 என்று எழுதினோம். ஒரு பாட்டியம்மா மாட்டுக் கொட்டகைக்கும் போடச் சொன்னார், போட்டோம்.

முத்துச்செல்வி அக்கா மட்டும் திருப்திப்படவில்லை.

"கதவுக்குப் பின்னால உக்காந்திருக்க என்னால ஆகாது. கதவை ஒடைக்கிறது அவுகளுக்குப் பழக்கம். நான் வெளிய நிக்கேன்."

"வெளியவா? எங்கீங்க?"

அவர் குழாய் வரிசையைக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, ஹர்ஷினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததும், கடை மெஷினிலிருந்து கழித்த டோனர் பொடியை முகப் பவுடரில் கலந்து அக்காவின் முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் பூசினோம். சாம்பல் நிறப் புடவை அருக்காணி அக்காவுடையது. கண்மையால் வாய்க்குக் குறுக்கே இரண்டு கோடு நான் போட்டேன். நடுவில் என்ன எழுத என்று கேட்டேன். வரிசையில் எல்லாரும் எழுதியிருப்பதையே எழுது என்றார். அதனால் கன்னத்திலிருந்து கன்னம் வரை 'தண்ணி பிடிக்க மட்டும்' என்று எழுதினேன். எழுதும்போது அவர் உதடு சூடாக இருந்தது. குடத்தைக் கையில் கொடுத்து, ஆளின் தடிமன் தெரியாதபடி முன்னும் பின்னும் நெருக்கி, பதினோராவது ஆளாக நிறுத்தினோம். அவருக்குப் பின்னால் நான் என் குடத்தோடு நின்றேன்.

பால்பாண்டி பத்து மணி பேருந்தில் வந்தார். முரட்டு ஆளாக இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை சீவி, ஒரு கிலோ ஆப்பிள் பையோடு, மாமியார் வீட்டுக்கு வருபவர் போல இருந்தார். சட்டைப் பையில் உள்ளங்கை உயர முத்துச்செல்வி மினுங்கிக்கொண்டிருந்தது. முதல் கதவின் முன்னால் நின்று பையைப் பார்த்து, "எந்த வீடு?" என்றார்.

முத்துச்செல்வி, பிறந்த தேதி இன்னது, கதவு எண் மூணு பை நாப்பத்தேழு. பக்கத்தில் இரண்டாவது ஒன்று முளைத்தது.

அவர் கதவைப் பார்த்தார். 3/47. தட்டினார்.

"வாங்க" என்றார் அருக்காணி அக்கா. "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிங்க."

"மூணு பை நாப்பத்தேழுங்களா?"

"ஆமாங்க."

"முத்துச்செல்வி..."

"எதுக்குங்க?"

"என் வீட்டுக்காரி."

"இந்த வீட்டுல நான்தானுங்க இருக்கறேன். பக்கத்துல கேட்டுப் பாருங்க. குடிச்சிட்டுப் போங்க, வந்தவங்க சும்மா போகப்படாது."

பக்கத்து வீடும் 3/47. அங்கேயும் ஒரு சொம்பு தண்ணீர், எதுக்குங்க என்ற அதே கேள்வி. அதற்குப் பக்கத்தில் மோர். ஒவ்வொரு கதவின் முன்னாலும் அவர் பையைப் பார்த்துக் கேட்க, ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒன்று கூடியது. இருபதாவது வீட்டில் சட்டைப் பை பிதுங்கி, அவை தோளில் ஏறி உட்கார்ந்தன. முப்பதாவது வீட்டில் காதைப் பிடித்துக்கொண்டு தொங்கின. எல்லாம் ஒரே குரலில், ஒரே மூச்சில், உண்மையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் டீ. அதற்குமேல் அவரால் குடிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

நாற்பத்தோராவதாக அவர் குழாயடிக்கு வந்தார். வரிசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு 3/47 தெரிந்தது. அதன் வாசலில் ஹர்ஷினியின் சின்னச் சைக்கிள் நின்றிருந்தது. அதை உள்ளே எடுத்துவைக்க நாங்கள் மறந்திருந்தோம்.

அவர் சைக்கிளையே பார்த்தார். பிறகு வரிசையைப் பிளந்துகொண்டு போகப் பார்த்தார். காகிதங்கள் சாய்ந்து, நிமிர்ந்து, இடைவெளியை அடைத்தன.

"வரிசைல வாங்க" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"நான் தண்ணி புடிக்க வரலங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. பொறகால போயி நில்லுங்க."

அவர் நகல்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்தாவதிடம் கேட்டார். அது பேசவில்லை. பதினோராவதின் முன்னால் நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஆப்பிள் வாசனை வந்தது.

"ஏய். அந்த வீட்டுல யாரு இருக்கா?"

அக்கா குடத்தைப் பிடித்திருந்த இடது கையின் மணிக்கட்டு மட்டும் துடித்தது. நான் என் குடத்தைச் சற்று முன்னே நகர்த்தி அதை மறைத்தேன். அவருடைய தோளில் இருந்த நாற்பத்துச் சொச்சம் முத்துச்செல்விகளும் அந்தக் கேள்வி தங்களுக்குத்தான் என்று நினைத்து ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கின. அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார். கைகளுக்குள்ளும் இரண்டு இருந்தன.

வாயைப் பொத்தி வாழ்ந்தவளின் குரல் அத்தனையும் அவர் தலைக்குள் கேட்டபோது, அவர் கண்ணுக்கு நேராக நின்ற சாம்பல் முகத்தில் தண்ணி பிடிக்க மட்டும் என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். உதடு அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு அடுத்த முகத்தைப் பார்த்தார். அடுத்தது நான்.

"எதுக்குங்க?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் ஆப்பிள் பையைக் கீழே போட்டுவிட்டு மெயின் ரோட்டை நோக்கி நடந்தார், பிறகு ஓடினார். பேருந்தில் அவரை ஏற்றவே மாட்டேன் என்றாராம் கண்டக்டர். இத்தனை பேருக்கும் டிக்கெட் யார் எடுப்பது என்று கேட்டாராம். கடைசியில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனதாக ஆட்டோக்காரர் வந்து சொன்னார். நான் பார்க்கவில்லை. அக்கா இன்னும் அரைமணி நேரம் வரிசையை விட்டு நகரவில்லை. முறை வந்தால் பிடிக்கலாமே என்று நிற்கிறேன் என்றார். பிறகுதான் அழுதார். டோனர் நான்கு நாள் தேய்த்த பிறகே போனது.

எண்களை நாங்கள் மாற்றவில்லை. பால்பாண்டி மறுபடி வரலாம், அவர் தோளில் இருப்பவை இன்னும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் கேஸ் சிலிண்டர் எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீடு வாங்கி, தெருவில் உருட்டிக்கொண்டு போய் உரியவரிடம் சேர்க்கிறது. தபால்காரர் கடிதக் கட்டை அருக்காணி அக்காவிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். கடையில் நகல் கேட்டு வருபவரிடம் எதுக்குங்க என்று நான் கேட்கிறேன், சொன்னதைக் குறுக்கே எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நகலுக்கு இத்தனை நேரமா என்று சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். அப்பா அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் தன் கார்டை இப்போது என்னிடம் விட்டுவிட்டுப் போவதில்லை, பக்கத்தில் நின்று நகல் எடுத்ததும் வாங்கிக்கொள்கிறார்.

கார்த்திகையில் வீட்டுக் கணக்கெடுக்க ஓர் அலுவலர் வந்தார். முதல் வீட்டில் 3/47 என்று எழுதினார். இரண்டாவது வீட்டிலும் எழுதினார். ஐந்தாவது வீட்டில் பேனாவை மூடினார்.

"ஏனுங்கம்மா, இந்த வீதியில எல்லாருமே மூணு பை நாப்பத்தேழா? ஒரே வீட்டுல நானூறு பேரா?"

"ஆமாங்க" என்றார் அருக்காணி அக்கா. "கொஞ்சம் நெருக்கடிதானுங்க."

அவர் பெருமூச்சு விட்டு, எழுதிக்கொண்டே குழாயடிக்கு வந்தார். வரிசைக்குப் பின்னால் போய் முறையாக நின்றார். முறை வந்ததும் வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டின் கதவைத் தட்டினார். முத்துச்செல்வி அக்கா கதவைத் திறந்தார்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா."

"எதுக்குங்க?" என்றார் அக்கா, எங்கள் ஊர் இழுவையோடு.

அவர் அடையாள அட்டையைக் காட்டி, இன்ன கணக்கெடுப்பு, இன்ன துறை, இதற்கு மட்டும்தான் என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். அவர் முகத்தோடு ஒத்துப் பார்த்தார். நகல்கள் எல்லாம் குடத்தோடு திரும்பிப் பார்த்தன.

பிறகு தன் பெயரைச் சொன்னார். அதை மட்டும்.